கைக்கு மட்டும் எண்ணெய்

வாங்க, வாங்க. செருப்ப அங்கிட்டுக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க. ஆலங்கரைப்பட்டிக்குப் பஸ்ஸு ஒழுங்கா வராது, புள்ளையத் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டு விலக்குல எறங்கி நடந்தே வந்திருக்கீக. பாப்பா தூங்குதா? இந்தப் பாயில போடுங்க, பேன் காத்து வர்ற எடம். இருங்க, மூட்டையத் தள்ளி வச்சிர்றேன். புளி மூட்டைதான். ஒட்டும், சேலையில படாம உக்காருங்க.

நான் பேசிக்கிட்டே கொட்டை எடுக்குறேன், தப்பா நெனைக்காதீக. இந்தச் சொளகுல கிடக்கிறத முடிச்சாகணும். கை சும்மா இருந்தா எனக்கு வாய் ஓடாது.

போன்ல சொன்னீகள்ல, உங்க ஊர்ல புள்ளைகள் காப்பகம் ஆரம்பிச்சிருக்கீக, ரெண்டாவது வருசமே பணத்துக்குத் திணறுது, ஆலங்கரைப்பட்டிக் காப்பகம் மட்டும் யாரு கையையும் எதிர்பாக்காம நடக்குதாமே, அது எப்படின்னு. கேளுங்க தாயி. நீங்க ஒண்ணும் மொத ஆளு இல்ல. டவுன்ல இருந்தெல்லாம் வந்து போட்டோ பிடிச்சிட்டுப் போயிருக்காக. எல்லாத்தையும் சொல்லிர்றேன். ஒளிச்சு வைக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல.

புள்ளைகளா? உள் ரூம்புல தூங்குதுக. எங்க ஆயா தவமணி கூட இருக்கா. முன்னாடி இந்த ஹால் நெறையக் கிடக்கும், கால் வைக்க எடம் இருக்காது. இப்பக் கொஞ்சந்தான். கூடும், கொறையும். அத அப்புறம் சொல்றேன்.

மொதல்ல இது எதுக்கு வந்துச்சுன்னு சொல்லணும்ல. எங்க பக்கம் மாசி பொறந்துட்டா புளிதான். மரத்த உலுக்கி, காய வச்சு, சாக்குச் சாக்காப் பேட்டைக்கு வந்துரும். பேட்டைன்னா தகரக் கொட்டகை, அம்புட்டுத்தான். பொம்பளைக வரிசையா உக்காந்து, கல்லு மேல வச்சுக் கட்டையால தட்டுவாக. ஓடு சில்லுச் சில்லாத் தெறிக்கும். அப்புறம் நார் எடுக்கணும், கொட்டை எடுக்கணும். கைப்புள்ளைக்காரி புள்ளைய எங்க விடுவா? பக்கத்துல சாக்க விரிச்சுப் போட்டுக்குவா. அங்கன்வாடி இருக்கேம்பீக. இருக்கு. அது வெயில் தாழுறதுக்கு முந்தியே முடிஞ்சிரும், பேட்டையில வேலை விளக்கு வைக்கிற வரைக்கும்.

ராக்குன்னு ஒருத்தி. அவ மூத்த மகன் தவழுற வயசுல ஓடு தெறிச்சுக் கண்ணுல பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாக. ஒரு கண்ணு மங்கிப் போச்சு, இன்னைக்கும் தலையச் சாச்சுத்தான் பாப்பான். அந்த ராக்குதான் வீடு வீடா ஏறி எறங்குனா. டவுன்ல ஒரு டிரஸ்ட்டு இருக்குன்னு யாரோ சொல்ல, அங்கயும் போய் நின்னா. அவுக எடம் பாத்தாக, கட்டடம் வந்துச்சு. கட்டும்போது கூலி வாங்காம செங்கல் சுமந்தவ அவ. இந்தச் செவுத்துல பாதி அவ தலையில ஏறி வந்ததுதான்.

நான் எப்படி வந்தேன்? நான் வீட்டுக்காரர் இல்லாதவ, பத்தாவது படிச்சவ, புள்ளை குட்டி இல்ல. பஞ்சவர்ணத்தப் போடுங்கன்னு ராக்குதான் சொன்னா. டிரெய்னிங்குக்கு அனுப்புனாக. பாட்டு, கதை, மணி கோக்கிறது, எல்லாம் கத்துக்கிட்டு வந்தேன். புள்ளைக பஞ்சு பெரியம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுச்சுக, இப்ப ஊரே அப்படித்தான் கூப்பிடுது.

நாலஞ்சு வருசம் ஒரு கவலையும் இல்ல. மாசம் பொறந்தா பணம் வந்துரும். ஒருநா டிரஸ்ட்டு சார் வந்தாரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லக் கூடாது. எங்களுக்கே வர்றது நின்னு போச்சும்மா, இனிமே நீங்க சொந்தக் கால்ல நிக்கணும்னாரு. சார், இங்க பாதிப் புள்ளைக தவழுதுக, சொந்தக் கால்ல எங்க நிக்கன்னேன். சிரிச்சாரு. சிரிச்சிட்டு வண்டி ஏறிப் போயிட்டாரு.

ஊர்ல கேக்காம இல்ல தாயி, கேட்டேன். எங்க ஊர்க்காரவுக குடுக்கிற கைதான், ஆனா பேரு போட்டுக் குடுக்கணும். அந்தக் கடிகாரத்தப் பாருங்க, நம்பர விட உபயம் பேரு பெருசா இருக்கு. மணி பாக்கணும்னா அவுக அய்யா பேரத் தாண்டித்தான் பாக்கணும். டியூப் லைட்டுல பேரு எழுதி வெளிச்சம் பாதிதான் வருது. பேன் ரெக்கையிலயும் எழுதிட்டாக. ஓடும்போது பேரு தெரிய மாட்டேங்குதுன்னு அவுகளுக்குக் கொறை வேற. ஆனா பருப்பு வாங்கித் தாங்கன்னா ஆளக் காணோம். பருப்புல பேரு எழுத முடியாதுல்ல. தவமணி நெத்தியில உபயம்னு எழுதிக்கங்க, சம்பளம் குடுங்கன்னா அவ ஒத்துக்குவாளா?

தாய்மாருகிட்டயும் கேட்டேன். வேலை உள்ள வாரம் குடுத்தாக. வேலை இல்லாத வாரம் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் புள்ளைய விட்டுட்டு ஓடுனாக. அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டுப் புள்ளையக் கொண்டாறதையே நிறுத்துனாக. காசு கேட்டா புள்ளை பேட்டைக்குப் போயிரும், கேக்கலைன்னா காப்பகம் மூடிரும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? முட்டைய நிறுத்துனேன். அப்புறம் பால நிறுத்துனேன். தவமணி சம்பளம் இல்லாம வந்துக்கிட்டு இருந்தா, அவ புருசன் வந்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போனான்.

அந்த நேரத்துலதான் சோலைமலை அண்ணன் வந்தாரு. புளி மண்டி வச்சிருக்காரு, எனக்கு அண்ணன் மொறை. பஞ்சு, பேட்டையில ஆளு பத்தல, உன் ஹால் மத்தியானம் சும்மாத்தானே கிடக்கு, புள்ளைக தூங்குற நேரம் நீயும் தவமணியும் கொட்டை எடுத்தா கூலி காப்பகத்துக்கு ஆச்சுன்னாரு. எனக்குக் கும்பிடணும் போல இருந்துச்சு. ஆனா அப்பவும் நான் யோசிக்காம இல்ல. அண்ணே, ஓடு தட்டுற வேலை இங்க வேணாம், ராக்கு மகன் கண்ணு போனது போதும், ஓடு நீக்குனத மட்டும் அனுப்புங்கன்னேன். அம்புட்டு யோசனையாத்தான் செஞ்சேன். கேட்டுக்கிட்டீகளா?

அப்புறம் என்ன. புள்ளைகளுக்குச் சோறு ஊட்டித் தூங்க வச்சிட்டு நானும் அவளும் சொளகும் கையுமா உக்காந்துருவோம். தவமணிக்குச் சம்பளம் கெடச்சுச்சு. முட்டை திரும்ப வந்துச்சு. அத நல்லாக் கேளுங்க தாயி, முட்டை திரும்ப வந்துச்சு. புள்ளைக மஞ்சக் கருவ மொதல்ல தோண்டித் தின்னுட்டு வெள்ளைய எங்கிட்ட நீட்டுங்க. அதப் பாத்தா வயிறு நெறஞ்சிரும்.

ராக்குவோட சின்ன மக இருக்கா, பேரு லட்சிதா. வாயில நுழையல, நாங்க குட்டிம்போம். மூணு வயசு நெறையல அப்ப. ஒருநா தூக்கத்துல இருந்து எந்திரிச்சா, அழல. தத்தித் தத்தி வந்து எம் பக்கத்துல உக்காந்தா. ஒரு புளிய எடுத்தா. நார உருவுனா. நான் சும்மாதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கொட்டைய நோண்டி எடுத்துச்சு அந்தப் புள்ளை. வாயில போட்டுருமோன்னு கைய நீட்டுனேன், டக்குன்னு எங் கையில வச்சிருச்சு. நான் சொல்லல. அதுவா எடுத்துச்சு, அதுவாக் குடுத்துச்சு. என் தங்கம்னு கட்டிப் பிடிச்சுக் கொஞ்சுனேன். யாரா இருந்தாலும் கொஞ்சத்தானே செய்வாக?

மறுநா இன்னும் ரெண்டு மூணு வந்து உக்காந்துச்சுக. நான் ஒரு பாட்டுக் கட்டுனேன். ஆனைக்கு ஒண்ணு, பூனைக்கு ஒண்ணு, பஞ்சு பெரியம்மாவுக்கு ஒண்ணு. பெரியம்மாவுக்கு ஒண்ணுங்கிறப்ப நான் கைய விரிப்பேன், புள்ளைக வரிசையா வந்து கொட்டையப் போடுங்க. சிரிப்புன்னா சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு. வெளையாட்டுத் தாயி. வேலைன்னு யாரும் சொல்லிராதீக. டிரெய்னிங்குலயே சொன்னாகளே, சின்ன விரலுக்கு வேலை குடுக்கணும், மணி கோக்க விடணும்னு. மணிக்குப் பதிலாக் கொட்டை.

கொஞ்ச நாள்ல புள்ளைகளுக்குத் தூக்கம் கொறஞ்சுச்சு. சீக்கிரமே எந்திரிச்சிருங்க. நான் எழுப்பல. மூட்டைய இழுக்கிற சத்தத்துல முழிச்சிருக்கும். பொம்மை, கட்டை, மரக்குதிரை எல்லாம் பரண்ல ஏத்தியிருந்தோம், மூட்டைக்கு எடம் வேணும்ல. வேற ஒண்ணும் இல்லாததுனால இதுலயே இருந்துச்சுக போல. புள்ளைக புத்தி நமக்கு என்ன தெரியுது.

நான் யாரையும் உக்கார வைக்கல. எடுத்த புள்ளைக்குக் கடலை முட்டாய் குடுப்பேன். எடுக்காத புள்ளைக்கும் குடுப்பேன். கொஞ்சம் பொறுத்துக் குடுப்பேன், அம்புட்டுத்தான்.

ஆனா ஒண்ணு சொல்லணும், சின்ன விரல் சின்ன விரல்தான். நம்ம விரல் தடிச்சது, கொட்டைய எடுக்கும்போது சதை பிஞ்சு வரும். புள்ளைக விரல் உள்ள போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது. சோலைமலை அண்ணன் வந்து புளிய அள்ளிப் பாத்துட்டு, பஞ்சு, உன் சரக்கு தனியாத் தெரியுது, ஒரு நார் இல்லைன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அவருக்கு யாரு எடுத்ததுன்னு தெரியாதான்னு கேப்பீக. தெரியும். அவரும் ஒண்ணும் சொல்லல.

போட்டோ எடுக்க டவுன்ல இருந்து வந்தாக பாருங்க, அது அந்தச் சமயந்தான். மூட்டைய உள்ள தள்ளிட்டு, மரக்குதிரைய எறக்கி வச்சோம். வந்தவுக எல்லாத்தையும் பாத்தாக. புள்ளைக தூங்கிக்கிட்டு இருந்துச்சுக. குட்டி தூங்கும்போது விரல் ஆடும். இப்படி, பெருவிரலும் ஆள்காட்டி விரலும். எதையோ உருவுற மாதிரி, உருவி ஒதுக்குற மாதிரி. நானும் தவமணியும் அதப் பாத்து முன்னாடியே சிரிச்சிருக்கோம். கனவுலயும் வெளையாடுதுடின்னு. வந்தவுகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவுகளுக்கு என்னன்னு தெரியல, அழகா இருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டாக.

அத எதுக்கு இப்ப சொல்றேன்? விடுங்க.

எண்ணெய் விசயத்தச் சொல்லணும். புளி கைக்கு ஆகாது. நகக்கண்ணுல ஏறுனா எரியும். பெரியவுகளுக்கே விரல் வெந்து தோல் உரியும், பச்சப் புள்ளைகளுக்குக் கேக்கணுமா? அதனால சாயங்காலம் தாய்மாரு வர்றதுக்கு முந்தி எல்லாத்துக்கும் கையத் தேச்சுக் கழுவி, தேங்காண்ணெய் போட்டு விடுவேன். ஒவ்வொரு விரலா உருவி விடுவேன். எங்க ஆத்தாகூட எனக்கு அப்படிச் செஞ்சதில்ல. தாய்மாரு வந்து, பெரியம்மா, எங்க புள்ளைக கை பூ மாதிரி இருக்கேன்னு மெச்சுனாக. நான் சிரிச்சுக்குவேன். பாசத்துலதான் தேச்சேன். மறைக்கணும்னு தேய்க்கல. மறைக்கிறதுக்கு நான் என்ன களவா எடுத்தேன்?

ஆமா, தாய்மாருகிட்ட சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு, புள்ளை வெளையாடுச்சுன்னு தெனமும் சொல்லிக்கிட்டா இருப்போம்?

ராக்குதான் கண்டுபிடிச்சா. ஒரு சாயங்காலம் மத்தவுக மாதிரி வாசல்ல நிக்காம உள்ள வந்தா. குட்டியத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, அது கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. “பெரியம்மா, எதுக்குக் கைக்கு எண்ணெய்?”ன்னா.

“தோல் வறண்டு கிடக்குடி, பனி நேரம்”னேன்.

“காலு வறளலையா?”

அவ புள்ளை கைய மூக்குல வச்சு மோந்தா. எண்ணெய்க்கு அடியில புளி வாசம் போகாது தாயி. என்னதான் தேய்ங்க, போகாது. “நாங்களும் பேட்டையில வேலை முடிஞ்சா கைக்கு மட்டுந்தான் தேய்ப்போம்”னு சொன்னா. கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். கத்துறதுக்கு எங்கிட்ட நெறைய இருந்துச்சு.

அந்த நேரத்துல அந்தக் குட்டி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? அம்மா கன்னத்தப் பிடிச்சுத் திருப்பி, “அம்மா, நான் உன்னைய மாதிரியே எடுத்தேனே! நெறையா எடுத்தேன். பெரியம்மாவக் கேளு!”ன்னுச்சு. அதுக்கு அம்புட்டுச் சந்தோசம்.

ராக்கு எம் மொகத்தப் பாக்கல. இந்தச் செவுத்தப் பாத்தா. “செங்கல் சுமந்தேனே பெரியம்மா”ன்னா. அம்புட்டுத்தான். புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா. அன்னையில இருந்து குட்டி இங்க வரல.

அவ சொல்லாமலே ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. பாதிப் பேரு நிறுத்திட்டாக. நிறுத்தட்டும், அவுக புள்ளை, அவுக இஷ்டம். ஆனா இன்னொருத்தி வந்தா, பேரு வேணாம். அவளும் சண்டைக்குத்தான் வர்றாள்னு நெனைச்சேன். கால்ல விழுந்துரலாம்னுகூட நெனைச்சேன். அவ என்ன கேட்டா தெரியுமா? எம் மகளும்தானே எடுத்துச்சு பெரியம்மா, அவளுக்கு என்ன கூலின்னா. சத்தியமாத் தாயி, ராக்கு கேட்டது கூட நெஞ்சுல ஓரமா நின்னுக்கிருச்சு, இவ கேட்டது நடு நெஞ்சுல எறங்கிருச்சு. வெளையாட்டுடின்னு சொல்ல வாயத் தொறந்தேன். வெளையாட்டுக்கு யாரு கூலி கேப்பா? அப்ப அவளுக்கு அது என்னன்னு தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான்…

இப்ப நான் ஒரு புள்ளையையும் தொட விடுறதில்ல. பாத்தீகள்ல, உள் ரூம்பு கதவு சாத்தியிருக்கு. நானும் தவமணியும் மட்டுந்தான் எடுக்குறோம். அதுலயே நடக்குது, இழுத்துப் பிடிச்சு. அதனாலதான் சொல்றேன், இது நல்ல வழிதான். வழி மேல குத்தம் இல்ல.

ராக்குகிட்டப் போகாம இல்ல. போனேன். போன வாரம் பேட்டைக்கே போனேன். குட்டி அவ மடியில உக்காந்திருக்கு. சுத்தி எல்லாரும் தட்டுறாக, ஓடு பறக்குது. ராக்கு முந்தானைய எடுத்துப் புள்ளை மொகத்துல போத்தி வச்சிருக்கா. மூத்தவன் கண்ணப் பறிகுடுத்தவ இல்லையா. ஒவ்வொரு தட்டுக்கும் முந்தானைக்கு அடியில அந்தப் புள்ளை தலை திடுக்கு திடுக்குன்னு ஆடுது.

“வாடி, புள்ளைய எங்கிட்டக் குடு. சாமி மேல ஆணை, இனிமே ஒரு கொட்டையத் தொட விடமாட்டேன்”னேன்.

“புளி இன்னும் ஹால்லதான் கிடக்கா பெரியம்மா?”

“கிடக்கு. அத எடுத்துட்டா உலை எப்படிடி வைக்க?”

அவ கட்டைய நிறுத்தல. தட்டிக்கிட்டே சொன்னா: “அப்ப இங்கயே இருக்கட்டும். இங்க இருந்தா இது பேட்டைன்னாவது எனக்குத் தெரியும்.”

இது நியாயமா? நீங்க வெளியூரு, உங்களுக்குச் சார்பு கிடையாது, நீங்க சொல்லுங்க. நான் எனக்கா சேத்து வச்சேன்? அந்த முட்டையில ஒண்ணு நான் தின்னிருப்பேனா? ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். அந்த முந்தானை கண்ணுலயே நிக்குது தாயி. சோத்துல கைய வச்சா நிக்குது. எம் மேல தப்பு இல்லைன்னு நான் எனக்கே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஆனா ஒரு தப்பும் செய்யாதவளுக்கு எதுக்கு இப்படிச் சோறு எறங்க மாட்டேங்குது?

இன்னைக்குச் சாயங்காலம் லோடு வருது. இந்தச் சீசனுக்கு இதான் கடைசி, பெரிய லோடு. எறக்கிக்கிறியா, இல்ல வேற எடம் பாக்கவான்னு சோலைமலை அண்ணன் கேட்டாரு. நான் இன்னும் சொல்லல. எறக்குனா அடுத்த மாசி வரைக்கும் உலைக்குக் கவலை இல்ல. எறக்கலைன்னா ராக்கு புள்ளைய அனுப்புவா, அவளப் பாத்து மத்தவுகளும் அனுப்புவாக, ஆனா வர்ற புள்ளைகளுக்கு எதப் போட? புள்ளை இருந்தா சோறு இல்ல, சோறு இருந்தா புள்ளை இல்ல. இதுல எதக் காப்பகம்னு சொல்ல?

சரி, எங் கதைய விடுங்க. நீங்க வந்த விசயத்துக்கு வருவோம். மொதல்ல நீங்க ஒரு கைத்தொழில் பிடிச்சுக்கணும். உங்க பக்கம் என்ன? மல்லியப்பூவா? அட, அது போதுமே! பூக்கட்டுறது இதவிட நல்ல வேலை. கை எரியாது, வாசம் அடிச்சாலும் நல்ல வாசந்தான், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. நூலும் பூவும்தானே, சின்ன விரலுக்கு…

ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்கிறீகளா?

பாப்பா எந்திரிச்சிருச்சு போல. அழாம எந்திரிக்குதே, சமத்து. விடுங்க, வரட்டும், கேட்டு சாத்தித்தான் இருக்கு. வா கண்ணு, வா. என்ன வேணும்? இங்க உக்காரு. இங்க பாருங்களேன், அதுக்குள்ள கையில எடுத்துருச்சு. அடி ஆத்தி, நார ஒடிக்காம முழுசா உருவிருச்சு பாருங்க! சொல்லிக் குடுக்காமலே! கெட்டிக்காரிடி நீ, இது நல்லா எடுக்கும், இத மட்டும் ஒரு வாரம் விட்டா…

ஏன் என்னைய அப்படிப் பாக்குறீக?

நான் என்ன சொன்னேன் இப்ப?

இல்ல தாயி. வாயில போட்டுருமேன்னுதான். கொட்டை தொண்டையில மாட்டிக்கிரும், வாங்கிருவோம்னுதான் கைய நீட்டுனேன். கண்ணு, வேணாம், குடுக்க வேணாம்.

வச்சிருச்சு.

நான் கேக்கல. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக? நான் வாயத் தொறந்து கேக்கவே இல்ல. கைய நீட்டுனேன், அதுவா வச்சிருச்சு. இந்தா இருக்கு, புள்ளை கைச் சூடு இன்னும் ஆறல.

ஆரன் சத்தம் கேக்குதா? வண்டிதான். வந்துட்டான். நெனைச்சதவிட சீக்கிரமா வந்துட்டான்.

தவமணி! அடியே தவமணி! எந்திரிச்சு வா. வாசலுக்குப் போய் எறக்க வேணாம்னு சொல்லு. என்னது? ஆமா, வேணாம்னுதான் சொல்றேன். நாளைக்கு என்ன செய்யன்னு நாளைக்குப் பேசுவோம், உலை வைக்கலைன்னா நானும் பட்டினி கிடக்குறேன். அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்த மூட்டையையும் ஏத்திட்டுப் போகச் சொல்லுடி. இந்தச் சொளகையும் எடுத்துட்டுப் போ, எங் கண்ணு முன்னாடி இருக்க வேணாம்.

நீங்க பாப்பாவத் தூக்கிக்கங்க தாயி. கொல்லைப் பக்கம் குழாய் இருக்கு, கையக் கழுவி விடுங்க. நான் வரல, நான் அந்தக் கையத் தொடல.

எண்ணெயா? அலமாரியிலதான் இருக்கு, ஆனா வேணாம். வெறும் தண்ணியில கழுவுனாப் போதும். வாசம் போகலைன்னா இருக்கட்டும்.